பச்சைப் பேணிகள்

கட்டுக்கலையில் அந்த வருடம் ஒரு குசினி பேர் வாங்கியது. கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள்போல் உடுப்பு மாற்றிக்கொண்டு பெண்கள் அதைப் பார்க்கப் போனார்கள். புகை பிடித்த நான்கு சுவரும் ஓர் அடுப்பும் தவிர ஒரு குசினியில் என்ன இருந்துவிடப் போகிறது என்று கேட்பவர்கள் பாயிஸாவின் பேணிகளைப் பார்க்காதவர்கள்.

பாயிஸா கடுகண்ணாவைப் பெண். ஹுஸைனைக் கட்டிக்கொண்டு கண்டிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஹுஸைனுக்குக் கொழும்பு வீதியில் சின்னத் துணிக்கடை. தோட்டத்துச் சனங்களை நம்பி நடந்த கடை அது. தேயிலை விலை விழுந்து தோட்டங்களில் ஆட்களைக் குறைக்கத் தொடங்கியதும், சேலை எடுக்க வந்தவர்கள் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். இப்படிப்பட்ட காலத்தில் புதுப் பெண்ணொருத்தி வந்து குசினிக்கு அது வேண்டும் இது வேண்டும் என்று நச்சரித்தால் வீடு இரண்டுபடும். பாயிஸா ஒரு சதமும் கேட்கவில்லை. அவள் கெட்டிக்காரி, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு துரை பங்களாவில் சமைக்கிறவன் கடைக்குத் துணி எடுக்க வருவான். துரையின் பிள்ளைகள் குடித்து முடித்த பால்மாத் தகரப் பேணிகள் அங்கே குப்பையில் குவிந்து கிடந்தன. விற்காமல் கிடந்த ஒரு சீத்தைத் துண்டுக்கு அவன் ஒரு சாக்கு நிறையப் பேணி கொண்டுவந்து போட்டான். எல்லாம் ஒரே உயரம், ஒரே வட்டம், இறுக மூடுகிற மூடி. தேயிலைப் பெட்டியை உடைத்து அந்தப் பலகையில் தட்டு அடித்தாள் பாயிஸா. பள்ளிவாசல் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டைக் கேட்டு வாங்கி எல்லாப் பேணிக்கும் பூசினாள். துணிக்கட்டைச் சுற்றி வந்த கடதாசியை வெட்டி, சோற்றுப் பசை தடவி ஒட்டி, அரபுத் தமிழில் அழகாகப் பேர் எழுதினாள். கொத்தமல்லி, மிளகாய்த்தூள், சின்னச்சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள், சீனி, உப்பு. ஈரத்தில் துருப்பிடிக்காமல் இருக்க உப்புப் பேணிக்குள் எண்ணெய்க் கடதாசி. வரிசை நிறைவாக இருக்க வேண்டும் என்று உடுப்புத் துவைக்கிற சோடாக்கல்லையும் அதே மாதிரி ஒரு பேணியில் போட்டுக் கீழ்த்தட்டில் வைத்தாள். பார்த்த கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. அந்தக் குசினியில் சமைத்தவளுக்குத்தான் கண் இல்லை.

சமைத்தவள் சகீனா, ஹுஸைனின் ராத்தா, கூடப் பிறந்த மூத்தவள். பால்குடி மறந்த வயதில் வைசூரி வந்து அவளுடைய இரண்டு கண்ணையும் கொண்டுபோய்விட்டது. கலியாணம் காட்சி எதுவும் நடக்கவில்லை. உம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டே சமையலைப் படித்தாள். அவள் கையில் கஞ்சி குடித்தவர்கள் வேறு இடத்துக் கஞ்சியைக் குறை சொல்லிக்கொண்டே குடிப்பார்கள்.

பழைய குசினியில் அவளுக்குக் கண் தேவைப்படவில்லை. உப்பு, அடுப்புக்கு மேலே தொங்கிய சிரட்டையில். புளி, கழுத்து உடைந்த சாடியில். மிளகு மூங்கில் குழலிலும் மாசிக் கருவாடு சுரைக்குடுக்கையிலும் இருந்தன. தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்கு வாய் தெறித்திருக்கும். ஒன்றைப்போல் ஒன்று இல்லாத அந்தத் தட்டுமுட்டுச் சாமான்களைப் பார்த்தால் நமக்குத் தலை சுற்றும். சகீனா கையை நீட்டினால் வேண்டியது வேண்டியபடி அகப்படும்.

பேணிகள் வந்த அன்றே அந்தப் பழைய சாமான்கள் எல்லாம் வெளியே போயின. பக்கத்து வீட்டு றம்லத், "ஐயோ பாவம், ராத்தாட சாமான்" என்று சொல்லிச் சொல்லியே ஒன்று விடாமல் மதிலுக்கு அந்தப் பக்கம் கடத்திவிட்டாள்.

பிறகு நடந்ததைச் சொல்லவே எரிச்சலாக இருக்கிறது. மீன் ஆணத்தில் சீனி விழுந்தது. வெந்தயம் போட வேண்டிய இடத்தில் கடுகு. சகீனா ஒவ்வொரு பேணியாகத் திறந்து மூக்கருகில் கொண்டுபோய் மூடி, அடுத்ததைத் திறந்து, அதற்குள் அடுப்பில் வெங்காயம் கருகி, வீடெல்லாம் புகை. பாயிஸா வாசலில் நின்று சிரித்தாள்.

"எனத்த மச்சி இது? எல்லாத்துலயும் பேர் எழுதித்தானே ஈக்கு!"

சொன்ன பிறகும் அவளுக்கு உறைக்கவில்லை. அவள் கெட்ட மனத்தோடு சொல்லவில்லை, அதுதான் கொடுமை. தன் பேணிகளைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்த கண்ணுக்கு, பக்கத்தில் நின்ற மனுஷியின் கண் தெரியவில்லை. சகீனா அடையாளத்துக்காக உப்புப் பேணியில் ஒரு நூல் கட்டினாள். பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று பாயிஸா அதை அறுத்து எறிந்தாள்.

றம்லத்துக்கு இது போதும். மதிலுக்கு மேலால் தலையை நீட்டிச் சகீனாவின் காதில் ஊதுவாள்.

"ராத்தா, இது வேணுமெண்டு செய்ற வேல. ஒரே மாதிரிப் பேணி எனத்துக்கு? உங்கட கைய அடுப்புல இருந்து எடுக்கத்தான். இன்டைக்கு அடுப்புல இருந்து எடுப்பா, நாளைக்கு ஊட்டுல இருந்து எடுப்பா. பாத்துக்கிட்டே இருங்க."

சகீனா, "அல்லாஹ் ஈக்கான், தம்பியும் ஈக்கார்" என்பாள். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு சொல்வாள்.

அவள் அப்படி நம்பக் காரணம் இருந்தது. உம்மா மவுத்தாகிற கடைசி நேரம், பக்கத்தில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்த பள்ளிவாசல் லெப்பையைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லிவிட்டு, மகனின் கையைப் பிடித்துக் கேட்டார். ராத்தாவை வீட்டை விட்டு அனுப்பக் கூடாது. ஹுஸைன் எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்: "வல்லாஹி உம்மா, நான் ஹயாத்தோட ஈக்கும் வரைக்கும் அனுப்ப மாட்டன்." லெப்பைக்குக் கண் கலங்கிவிட்டது. போகிற இடமெல்லாம் அதைச் சொன்னார். இப்படியும் ஒரு பிள்ளையா என்று ஊர் மெச்சியது. மெச்சியவர்கள் துணியையும் அவன் கடையிலேயே எடுத்தார்கள்.

அந்தப் பேருக்கு ஏற்றபடிதான் அவனும் நடந்துகொண்டான். சீனி விழுந்த மீன் ஆணத்தை ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டான். ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்தவன், பாயிஸா படுத்திருந்த நேரம் பார்த்துக் கையில் ஓர் அரத்தோடு குசினிக்கு வந்தான்.

"ராத்தா, மூடிய எடுத்துத் தாங்க. விளிம்புல சின்னச் சின்ன வெட்டு போட்டுத் தாரன். நகத்தால தடவினா விளங்கும், கண்ணுக்குத் தெரியா."

உப்புக்கு ஒரு வெட்டு. சீனிக்கு இரண்டு. மஞ்சளுக்கு மூன்று. மிளகாய்த்தூளுக்கு நெருக்கமாக இரண்டும் தள்ளி ஒன்றும். அவன் ராவிக் கொடுக்கக் கொடுக்க, சகீனா தடவித் தடவிப் படித்தாள்.

"சோடாக்கல்லுக்கு?"

"அதுக்கு வேணாம். கீழ்த்தட்டுல வெறும் மூடி எண்டா சோடா. பாயிஸாக்குச் சொல்லிடாதீங்க, பேணியப் பழுதாக்கினதெண்டு மூஞ்சத் தூக்குவா."

சகீனா அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அவளுக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால், இந்தக் கதையை எனக்கு இங்கேயே நிறுத்திவிடத் தோன்றும். அடுத்த நாளிலிருந்து ஆணம் பழையபடி மணத்தது. பாயிஸா, மச்சி கடைசியில் பழகிவிட்டாள் என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னாள். பேணியின் பெருமை இன்னும் கூடியது.

நோன்புக்கு முந்திய மாதம் பாயிஸாவின் வாப்பா மஹ்மூத் முதலாளி வந்தார். கடுகண்ணாவை ஸ்டேஷனுக்கு முன்னால் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை. வயதாகிவிட்டது, மகன் இல்லை. மருமகன் வந்து கடையை எடுத்துக்கொள்ளலாம், பின்னால் இருக்கிற வீட்டிலேயே குடியிருக்கலாம். கண்டிக் கடை ஈயோட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இது வானத்திலிருந்து விழுந்த மாதிரி. ஆனால் ஒன்று இருந்தது. முதலாளி அதைக் குரல் தாழ்த்தாமலே சொன்னார்.

"கண்ணு தெரியாதவவ வெச்சுப் பாக்க எங்கட ஊட்டுல ஆள் இல்ல மருமகன். தெல்தோட்டையில மாமி ஒருத்தர் ஈக்காரெண்டீங்களே, அங்க உடுங்க."

தெல்தோட்டை மாமியை ஊருக்குத் தெரியும். இதற்கு முன்னர் கால் வராத ஓர் உறவுக்காரியை வைத்துப் பார்க்கிறேன் என்று கூட்டிக்கொண்டு போனவர். மாட்டுக்கொட்டிலை ஒட்டிய அறையில் போட்டு, நினைத்தபோது சோறு போட்டார். போனவள் திரும்பி வந்தது மையத்தைத் தூக்கும் சந்தூக்கில்தான். குசினியில் நின்ற சகீனா அந்த ஊரின் பேர் காதில் விழுந்ததும் அடுப்படியில் குந்திவிட்டாள்.

"ஏலா மாமா," என்றான் ஹுஸைன் உரத்து. "உம்மாக்குக் குடுத்த வாக்கு. லெப்பே சாட்சி. அனுப்பினா ஊரு காறித் துப்பும்."

சகீனா அடுப்படியில் குந்தியிருந்து அல்ஹம்துலில்லாஹ் என்று விம்மினாள். வாக்கு என்றது அவளுக்குக் கேட்டது. ஊர் காறித் துப்பும் என்றதும் கேட்டதுதான். அதை அவள் மனத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

நோன்பு தை மாதக் குளிரில் வந்தது. காலையில் பனி கலைய நேரமாகும். பகல் முழுக்கப் பச்சைத் தண்ணி பல்லில் படாமல் இருந்துவிட்டு, மாலையில் சூடாக ஒரு கோப்பை கஞ்சி உள்ளே போனால்தான் உயிர் திரும்பும். பாதி நோன்பு கழிந்த ஒரு நாள், ஹுஸைன் கடைக்குப் போகுமுன் ராத்தாவிடம் வந்தான்.

"இன்டைக்கு நோம்பு தொறக்க மாமாவும் வாரார், லெப்பேயும் வாரார். நீங்களே கஞ்சி காச்சுங்க. உங்கட கஞ்சியெண்டா லெப்பே உசிர உடுவார்."

சகீனாவுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. அஸர் தொழுதுவிட்டு உலையை வைத்தாள். அரிசி, வெந்தயம், பூண்டு, இஞ்சி, ரம்பை, கொஞ்சம் இறைச்சி. தேங்காய் துருவிப் பால் பிழிந்தாள். ஹுஸைன் அன்றைக்குக் கடையை வேளைக்கே பூட்டிவிட்டு வந்து, அவள் தொழுதுகொண்டிருந்த நேரம் தண்ணீர்க் குடம் நகர்த்துவதாகக் குசினியில் ஏதோ சத்தம் செய்துவிட்டுப் போயிருந்தான். அவளுக்கு அது உதவியாகவே பட்டது.

சகீனா நோன்பில் சமைக்கும்போது நாக்கில் ஒரு துளியும் வைக்க மாட்டாள். நுனி நாக்கால் உப்புப் பார்த்துத் துப்பிவிடலாம், சமைக்கிறவளுக்குக் குற்றமில்லை என்று லெப்பையே சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டாம், கண்தான் இல்லை, நோன்பாவது முழுசாக இருக்கட்டும் என்பாள். அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது.

மேல்தட்டில் கை வைத்தாள். மூடியின் விளிம்பில் ஒரு வெட்டு. திறந்து, பால் பிழிந்த ஈரக் கையோடு ஒரு பிடி அள்ளினாள். கட்டி கட்டியாக, உப்பு மாதிரித்தான். பானைக்கு மேலே கையைக் கொண்டுபோனவள் நின்றாள். விரலிடுக்கு வழுக்கியது. கட்டைவிரலால் தேய்த்தாள். சவர்க்காரம் போட்டதுபோல் இன்னும் வழுக்கியது. உப்பு எந்த நாளும் இப்படிச் செய்யாது.

கையை உதறி, இரண்டு தரம் மூன்று தரம் கழுவினாள். குனிந்து கீழ்த்தட்டின் மூலையைத் தடவினாள். வெறும் மூடி. உள்ளே கை விட்டால் எண்ணெய்க் கடதாசி சரசரத்தது. கரகரவென்று உப்பு.

முதலில் வந்தது கோபம். றம்லத் சொன்னது சரிதான், இந்தச் சின்னவள் என்னைத் துரத்தப் பார்க்கிறாள். லெப்பைக்கும் தன் வாப்பாவுக்குமே சோடாக் கஞ்சி கொடுத்து என் தலையில் போடப் பார்க்கிறாள். சகீனா வாழ்நாளில் யாருக்கும் சாபம் போட்டதில்லை. அன்றைக்கு வாய்வரை வந்தது.

வந்தது அங்கேயே நின்றுவிட்டது. மூடி அவள் கையில் இருந்தது. நகம் தானாகவே விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. ஒரு வெட்டு. பேணியை மட்டும் மாற்றி வைத்திருந்தால் வெறும் மூடிதான் கையில் பட்டிருக்கும், உடனே பிடிபட்டிருக்கும். மூடியைக் கழற்றிச் சோடாப் பேணிக்குப் போட்டிருக்கிறார்கள். வெட்டு இருப்பதே பாயிஸாவுக்குத் தெரியாது. தெரிந்தது உலகத்தில் இரண்டே பேருக்கு. ஒருத்தி அவள்.

இருக்காது, பேணியைக் கழுவியிருப்பார்கள், மூடி மாறியிருக்கும் என்று நினைத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள். பாயிஸாவுக்கு வயிற்றில் பிள்ளை. நோன்பையும் விடமாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்துக் கிடந்தாள்.

"மச்சி, இன்டைக்குப் பேணி எதையும் கழுவினீங்களா?"

"இல்ல மச்சி. தலைய சுத்துது, நான் எழும்பவேயில்ல. எனத்துக்கு?"

"சும்மாதான்."

திரும்பி வந்து அடுப்படியில் குந்தினாள். ஒரு நிமிடம் ஷைத்தான் பிடித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஆனால் நோன்பு மாதத்தில் ஷைத்தானைச் சங்கிலியில் கட்டிப் போட்டிருப்பதாக லெப்பை சொல்வார். அப்படியானால் இதைத் தம்பிதான் செய்திருக்கிறான், தனியாகவே செய்திருக்கிறான்.

அழுதாள். கஞ்சியில் கண்ணீர் விழாமல் தள்ளியிருந்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு பேணிகளையும் மூடிகளையும் சரியாக மாற்றி வைத்தாள், உப்பை அளந்து போட்டாள், பாலை ஊற்றிக் கிண்டினாள். கஞ்சியைக் குடித்தால் தம்பிக்கு விளங்கிவிடும். ராத்தா கண்டுபிடித்துவிட்டாள், கண்டுபிடித்தும் யாரிடமும் சொல்லவில்லை என்று விளங்கும். வெட்கப்படுவான். அதோடு முடிந்துவிடும். நானும் கேட்க மாட்டேன், அவனும் சொல்ல மாட்டான். இப்படி நினைக்க நினைக்க அவளுக்குப் பயம் குறைந்தது. அந்த வீட்டில் அவள் இருப்பதும் இல்லாததும் ஒரு வாய்க் கஞ்சியில் இருந்தது, கஞ்சியோ நன்றாக வந்திருந்தது.

ஆண்கள் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்தார்கள். பெண்கள் இருவரும் திரைக்கு உள்ளே. ஆளுக்கொரு கோப்பை கஞ்சியும் பேரீச்சம்பழமும் போய்விட்டன. ஆவி பறந்தது. பள்ளியில் பாங்கு சொன்னார்கள். லெப்பை பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு துஆ ஓதத் தொடங்கினார். மஹ்மூத் முதலாளிக்குப் பசி பொறுக்கவில்லை, கோப்பையைத் தூக்கி மடக் மடக்கென்று குடித்தார். ஹுஸைன் தன் கோப்பையை உதட்டில் வைத்தான், வைத்த வேகத்திலேயே துப்பினான்.

"த்தூ! யாரும் குடிக்காதீங்க! லெப்பே, கோப்பைய வைங்க! ராத்தா உப்பெண்டு சோடாக்கல்லப் போட்டிருக்காங்க!"

லெப்பை கையில் எடுத்த கோப்பையைப் படக்கென்று கீழே வைத்தார். மஹ்மூத் முதலாளி பாதிக் கோப்பையைக் குடித்துவிட்ட வாயோடு மருமகனைப் பார்த்தார். அவர் குடித்தது அருமையான கஞ்சி. நாக்கில் இன்னும் பாலும் பூண்டும் இருந்தன. "நல்லாத்தானே ஈக்கு" என்று சொல்ல வாயெடுத்தவர், மருமகனின் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை வருடம் கடையில் உட்கார்ந்து ஆளைப் படித்தவர் அவர். கடுகண்ணாவைக் கடை, மகளின் பிள்ளைப்பேறு, தெல்தோட்டை எல்லாம் அவருக்கு ஒரே இழுப்பில் விளங்கின.

"சீ, சோடாதான்," என்று முகத்தைச் சுளித்தார். "எனக்கும் தொண்டை எரியுது. ரெண்டு வாய் உள்ளுக்குப் போயிட்டுது. யா அல்லாஹ்!"

லெப்பை கோப்பையை இன்னும் தள்ளி வைத்தார். நல்ல மனிதர். ஒரு வீட்டில் இரண்டு பெரிய மனிதர்கள், அதுவும் நோன்பு திறந்த வாயால், பொய் சொல்வார்கள் என்று நினைக்கத் தெரியாதவர்.

"லெப்பே!" சகீனாவின் குரல் திரைக்கு உள்ளிருந்து கிழிந்து வந்தது. அதுவரை அந்நிய ஆண்கள் இருந்த இடத்தில் அவள் குரல் உயர்ந்ததில்லை. "லெப்பே, ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. ஒரே ஒரு வாய். நான் சோடா போடல்ல. அல்லாட காவல், ஒரு வாய் குடிச்சுட்டுச் சொல்லுங்க!"

"எப்பிடி ராத்தா லெப்பேயக் குடிக்கச் சொல்றீங்க?" என்றான் ஹுஸைன். குரலில் அழுகைகூட இருந்தது. "தெரிஞ்சுகிட்டே நஞ்சக் குடிக்கச் சொல்றீங்களா?"

சகீனா தன் முன்னால் இருந்த கோப்பையைத் தடவி எடுத்து, திரைக்கு வெளியே கேட்கும்படி கடைசிச் சொட்டுவரை குடித்தாள். "நான் குடிச்சுட்டன் லெப்பே. எனக்கு ஒண்டுமில்ல."

"பாவம்," என்றார் மஹ்மூத் முதலாளி மெதுவாக, லெப்பையின் பக்கம் சாய்ந்து. "கண்ணோட நாக்கும் போயிட்டுது."

ஒரே ஓர் ஆள் மிச்சம் இருந்தாள். பாங்கு சொன்னதும் பசியில் பாயிஸாவும் குடிக்கத் தொடங்கியிருந்தாள், சகீனாவின் தோளில் தோள் பட உட்கார்ந்து. ஹுஸைன் கத்திய பிறகும் அவள் கோப்பையைக் கீழே வைத்த சத்தம் கேட்கவில்லை.

"மச்சி, நீங்க குடிச்சீங்களே. உங்களுக்குத் தெரியும். லெப்பேக்குச் சொல்லுங்க."

பாயிஸா கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு ஒன்றும் முன்பே தெரியாது. வாயில் இருந்த கஞ்சி நல்ல கஞ்சி, வெளியே புருஷனும் வாப்பாவும் சொல்வது பொய், அவ்வளவுதான் தெரியும். ஏன் பொய் என்று விளங்கவும் அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. உம்மா வீட்டில் பிள்ளை பெறலாம். ஸ்டேஷன் பக்கத்துக் குசினி பெரிய குசினி, இரண்டு பக்கமும் தட்டு அடிக்கலாம்.

"எனக்கு வாயெல்லாம் கசக்குது மச்சி," என்றாள். "பிள்ள வயித்துல ஈக்கிறதால ருசி ஒண்டும் விளங்குதில்ல."

வெளியே லெப்பை நீண்ட பெருமூச்சு விட்டார். வாக்கு என்பது உயிருக்கு ஆபத்து வராத வரைக்கும்தான், பிள்ளைத்தாச்சி இருக்கிற வீடு, ஹுஸைன் தன்னால் ஆன மட்டும் பார்த்துவிட்டான், சத்தியத்தை முறிக்கிறதுக்குப் பத்து ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுத்தால் அல்லாஹ் பொறுத்துக்கொள்வான், ஊரும் குறை சொல்லாது என்றார். ஊரிடம் தானே சொல்வதாகவும் சொன்னார். ஹுஸைன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினான். அவன் அழுததைப் பற்றியும் லெப்பை பிறகு பல இடங்களில் சொன்னார்.

கஞ்சியைப் பானையோடு கொண்டுபோய்ப் பின்பக்கச் சாக்கடைக் கானில் ஊற்றினார்கள். தெரு நாய்கள் கூடி நக்கியதை மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று றம்லத் பார்த்தாள். சோடாப் போட்ட கஞ்சியை நாய் இப்படி நக்காது என்று அவளுக்குத் தெரியும். உடனே ஊருக்குள் போய்ச் சொன்னாள், இது முழுக்க அந்தப் பாயிஸாவின் வேலை, பாவம் ஹுஸைன் என்று.

மறுநாள் காலை சந்தைக்குப் பக்கத்தில் தெல்தோட்டை பஸ் நின்றது. சகீனாவின் சாமான் ஒரு துணி மூட்டை மட்டும்தான். ஹுஸைன் அவள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தான். வழியெல்லாம் சனம் விலகி நின்று, இவ்வளவு நடந்தும் கையை விடாமல் கூட்டிப் போகிறானே என்று உச்சுக் கொட்டியது. கடை இருப்பதால் கூடப் போக முடியாது, அங்கே மாமி வந்து கூப்பிட்டுக்கொள்வார் என்றான். பஸ்ஸுக்குள் ஏற்றி, ஜன்னலோரம் உட்கார வைத்து, மூட்டையை மடியில் வைத்தான். இறங்கப் போனவனின் கையை அவள் விடவில்லை.

"தம்பி, ஒண்டு கேக்கன். வேற ஒருத்தருக்கும் கேக்காது. கஞ்சி எப்பிடி இருந்திச்சு?"

பஸ் இரைந்துகொண்டிருந்தது. அவன் குனிந்து அவள் காதருகில் சொன்னான்.

"நல்லா இருந்திச்சு ராத்தா. எப்பவும் போல."

பிறகு கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு இறங்கி, பஸ்காரனைக் கூப்பிட்டு, கொஞ்சம் பார்த்து இறக்கிவிடுங்கள், கண் தெரியாதவர் என்று சொன்னான்.